தெரிகிற தையல்

கருப்பையில் புற்றுநோய் என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்போதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"வயித்தைத் திறந்தும் எடுக்கலாம், சின்னச் சின்னதா துளை போட்டும் எடுக்கலாம். உங்களுக்குத் துளையே போதும். வலி கம்மி, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் டாக்டரம்மா.

"நல்லதாப் போச்சு! வந்த கையோட அடுப்பைப் பாத்துக்குவா," என்றார் கணவர்.

அவளுக்குச் சுரீரென்றது. "டாக்டர், எனக்குத் திறந்தே பண்ணிடுங்க."

"ஏம்மா? வலி அதிகமாச்சே!"

"வலிச்சா வலிக்கட்டும். பெரிய தையலாத் தெரிஞ்சாத்தான் எங்க வீட்ல என்னை உட்கார விடுவாங்க."

டாக்டரம்மா கணவர் பக்கம் திரும்பினார். "துளைதான் சார் சின்னது. உள்ளேயிருந்து எடுக்கறது முழுக் கருப்பை. உங்க வீட்ல சமையல்கட்டு எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?"