பாடும் பல் டாக்டரும் தேடிச் சொன்ன ஏஐயும்

என் நாத்தனார் பல் டாக்டர். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பல் பிடுங்கும்போது பாடுவார். அந்தக் குரலைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் மூச்சு விட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நோயாளிகளின் கேள்விகளுக்குப் பதில் எழுத அவருடைய கிளினிக்குக்கு ஒரு ஏஐ செய்து கொடுத்தேன். தெரியாது என்று சொல்லவே தெரியாத ஜென்மம் அது. ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக் உண்டு என்று யாரிடமோ அடித்துவிட, வீங்கிய கன்னத்தோடு ஆறு பேர் வந்து பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"இன்னொரு தடவை உளறுச்சுன்னா அதுவும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்றார் நாத்தனார்.

இருந்த கம்ப்யூட்டர் வேலை போய் எட்டு மாதம் வீட்டில் சும்மா கிடந்தவள் நான். இதையும் விட்டால் வேறு கதியில்லை. அதனால் இணையத்தில் தேடித் தரும் ஏபிஐ என்ற நிரல் ஒன்றை ஏஐயோடு இணைத்தேன். 'ஊகிக்காதே. தேடிப் பார். கண்டதை மறைக்காமல் சொல், எங்கே கண்டாய் என்றும் சொல்' என்று கட்டளையும் எழுதி வைத்தேன். புத்தி கெட்டவள்!

மறுநாள் நாத்தனாரே சோதித்துப் பார்த்தார். 'இங்கே பல் பிடுங்கினால் வலிக்குமா?' என்று தட்டினார்.

'வலிக்கவில்லை என்று நாற்பத்தொரு பேர் இணையத்தில் விமர்சனம் எழுதியிருக்கிறார்கள். டாக்டரின் பாட்டைத் தாங்க முடியவில்லை என்று முப்பத்தெட்டு பேர். மரத்துப்போக வைக்கும் ஊசியைக் காதிலும் போடுவீர்களா என்று "டாக்டரின் தம்பி" என்பவர் கேட்டிருக்கிறார்.' கீழே வரிசையாக இணைப்புகள்.

அவருக்கு இருப்பது ஒரே தம்பி. என் வீட்டுக்காரர்.

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. "ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?"

"அண்ணி, அது வந்து..."

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போனதற்காக மட்டுமில்லை. அந்த முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அதற்குள் அடுத்த நோயாளி, ஒரு லாரி டிரைவர், நாற்காலியில் வந்து சாய்ந்தார். நாத்தனார் ஊசி போட்டார். பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். பாடவில்லை. டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"டாக்டர், ஏன் பாடல?"

"சும்மாதான்."

"பொய் சொல்லாதீங்க. போன தடவை மூணு பல்லு எடுத்தப்ப முழுசா பாடுனீங்க. இப்ப ஒத்தப் பல்லுக்குக் கம்முனு இருக்கீங்க. எனக்கு என்ன வியாதி? வீட்டுக்கு போன் பண்ணணுமா?"

"ஒரு வியாதியும் இல்ல. என் பாட்டு சகிக்கலன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க."

"சகிக்காதுதான். ஆனா நீங்க பாடுற வரைக்கும் பயப்பட ஒண்ணுமில்லன்னு எங்களுக்குத் தெரியும்ல?"

நாத்தனார் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு ஒழுங்கா வந்து சேரு. இப்ப சொன்னதை இவரையும் எழுதச் சொல்லு. உன் ஏஐ அதையும் தேடி எடுக்கட்டும்."

சொல்லிவிட்டு உச்சக் குரலில் ஆரம்பித்தார். டிரைவர் நிம்மதியாக வாயைத் திறந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே ஓடினேன்.