படகு எங்கிட்டுப் பார்த்து நிற்கும்

1

இந்தக் கதை என் ஆட்காட்டி விரலில் தொடங்கியது என்றால் சிரிக்காதீர்கள். அறந்தாங்கியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கைவினைக் கண்காட்சி. வெயிலுக்கு ஒதுங்கப் போனவள்தான் நான். ஒரு மேசையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கடல் இருந்தது. சேறு, அலையாத்திச் செடிகள், கரையோரம் டீத்தண்ணி நிறத்தில் நீர். தண்ணீரைக் கண்டால் தொட்டுப் பார்க்கிற புத்தி எனக்கு. விரலை விட்டேன். நகம் டக்கென்று இடித்தது, விரல் நனையவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள்தான் ஷிஃபா, இப்படிக் குட்டிக் கடல்கள் செய்கிற கட்டுமாவடிக்காரி.

அந்த வெட்கத்தில் பேச்சுக் கொடுத்தேன். பேச்சு வளர்ந்து கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘கடலுக்குப் போன கணவன் திரும்பி வராத அந்த வீட்டில், ஷிஃபா தினமும் வாசலில்—’

அடித்துவிட்டேன். சரியாகச் சொன்னால், அவள் அடிக்க வைத்தாள். போனில் படித்துக் காட்டினேன். “கடல்னு எழுதினா ஒரு ஆளைச் சாகடிச்சுத்தான் ஆகணுமாக்கா? எம்மச்சான் சார்ஜாவுல நல்லா பிரியாணி தின்னுக்கிட்டுத்தான் இருக்காரு” என்றாள்.

இரண்டாவது தொடக்கம்: ‘நீர் என்பது நினைவின்—’

இதற்கு என் தலையில் நானே கொட்டிக்கொள்ள வேண்டும். விடுங்கள்.

3

ஆக, உள்ளது இதுதான். ஷிஃபாவின் புருஷன் ரிஃபாய் சார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறான். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை, மீசை முளைக்கும் முன்பே படகேறியவன். நோன்புப் பெருநாளுக்கு வாரேன் என்பான். அது ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தள்ளிப்போகும். லீவு கிடைக்கலை, டிக்கெட் விலை ஏறிப்போச்சு, அடுத்த தடவை கட்டாயம். (அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் கஷ்டம். பொய்யனாக இருந்தால் சண்டையாவது போடலாம்.)

ஒருநாள் பேச்சுவாக்கில், நம்ம ஊர் முகத்துவாரத்தை அப்படியே ஒரு பெட்டிக்குள் செய்து அனுப்பேன் என்று கேட்டான். பக்கத்து வீட்டு மீரா சாகிபு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை சார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்துவிடலாம்.

ஷிஃபா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். டீத்தூளைக் காயவைத்துப் பசையில் குழைத்தால் சேறு. அலையாத்தியின் வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கிக் குத்திட்டு நிற்குமே, அதற்கு ஈர்க்குத் துண்டுகள். தண்டுக்குத் தேங்காய் நார். இலைக்கு, ஸ்பஞ்சைப் பச்சைச் சாயத்தில் முக்கி மிக்ஸியில் அரைத்தாள்.*

* மாமியார் ஹவ்வா உம்மாளின் மிக்ஸியில். மறுநாள் தேங்காய்ச் சட்னி கொத்தமல்லி போடாமலே பச்சையாக வந்தது. அன்றிலிருந்து ஜார் பீரோவுக்குள் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில்.

தண்ணீர்தான் பெரும்பாடு. இரண்டு பாட்டில் திரவத்தைக் கலந்தால் ரெசின், கண்ணாடிபோல இறுகுகிற பசை. அவசரமாகக் கலக்கினால் குமிழி விழும். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். மெல்லிசாக ஊற்றி, இறுகவிட்டு, அதன்மேல் மறுபடி ஊற்ற வேண்டும். அடி ஊற்றில் சேற்று நிறம் தூக்கலாக இருக்கும், மேலே வர வர நிறத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவனுக்கு ஆழம் தெரியும். பார்த்தவர்கள் எல்லாரும் நீலம் போடு, நீலம் போடு என்றார்கள். நம்ம கரையில நீலத்தை யார் பார்த்தா என்று அவள் காதிலேயே வாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு அடங்கிக் கிடக்கும். அப்போது ஷிஃபா மேசை விளிம்பில் கன்னத்தை வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோவாள். கொஞ்ச நேரத்தில் சுவர் மறையும், பீரோ மறையும். செடிகள் ஆள் உயரத்துக்கு எழும்பும். ஜன்னல் வழியே வரும் உப்புக் காற்று இந்தக் கடலிலிருந்து வருவதாகத் தோன்றும். அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் சேற்றில், வேர்களைத் தாண்டித் தாண்டி நடப்பாள். தூரத்தில் யாரோ நிற்பார்கள். கிட்டப் போகும் முன் மாமியாரின் இருமல் கேட்டு விழித்துக்கொள்வாள்.

(இந்தக் கனவு நான் சேர்த்ததா, அவள் சொன்னதா? பாதி பாதி.)

4

வீடியோ காலில் காட்டினாள். போனை நீருக்கு மேல் மெதுவாக நகர்த்தினாள். ரிஃபாய் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

“போதும் புள்ள,” என்றான். “இது ஏங்கிட்ட இருந்தா, ஊருக்கு வந்த மாதிரிதான்.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பாடுபட்டு, அவன் வராமலே இருக்கிறதுக்கு வழி செய்து கொடுத்திருக்கிறோமா? பெட்டிக்குள்ளேயே ஊர்த் தண்ணீர் இருக்கும்போது, அவனுக்கு இங்கே என்ன வேலை? அன்று முழுக்க அந்தக் கடலைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

5

பாக்கி இருந்தது ஒரு படகும் கடைசி ஊற்றும். பாதி விரல் நீளப் படகு. இறுகிய நீர்மேல் அதை வைத்து, சுற்றிலும் மெல்லிசாக ஊற்றினால், அப்புறம் யாராலும் அசைக்க முடியாது.

இங்கே ஒரு சங்கதி. தண்ணீர் வற்றுகிற நேரத்தைத்தான் ஷிஃபா செய்திருந்தாள். சேற்றின் மேல்விளிம்பிலும் வேர்களிலும் வார்னிஷ் தடவி, இப்போதுதான் நீர் இறங்கிய ஈரத்தைக் காட்டியிருந்தாள். வற்றும் தண்ணீர் கரையிலிருந்து கடலுக்கு ஓடும். நங்கூரம் போட்ட படகு அந்த ஓட்டத்தை எதிர்த்து, மூக்கைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும். அது அந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஷிஃபா படகைக் கடலைப் பார்த்து வைத்தாள்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு இலையின் நிறத்துக்காக மாமியாரிடம் ஏச்சு வாங்கியவள், தெரிந்தே தன் வேலையைக் கெடுப்பாளா? கண் அசந்துவிட்டது என்று எழுதட்டுமா எனக் கேட்டேன். தெரிஞ்சுதான் வச்சேன்க்கா என்று ஒரே போடாகப் போட்டாள்.

வாசலில் வந்து நின்ற ஹவ்வா உம்மாளும் பார்த்துவிட்டார். படகுக்காரன் பெண்டாட்டி, படகுக்காரனுக்குத் தாய். அவர் கண்ணுக்குத் தப்புமா?

“அவன் கண்ணுல இது உறுத்துமே, ஷிஃபா.”

“உறுத்தட்டும் மாமி.”

“உறுத்தினா வந்துருவானா?”

ஹவ்வா உம்மாள் கொஞ்சம் நின்று பார்த்தார். திருப்பி வை என்று சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பெற்றவளுக்கும் அந்த ஆசை இருக்காதா?

6

முடிவு அ: படகு கடலைப் பார்க்கிறது. ரிஃபாய் பெட்டியைத் திறந்த நிமிஷமே போன் போட்டுக் கத்துகிறான். படுக்கும்போது உறுத்துகிறது, பல் விளக்கும்போது உறுத்துகிறது. படகைத் திருப்பியே தீருவேன் என்று பெருநாளுக்கு வந்து—

(ஷிஃபா: “அது கல்லாட்டம் இறுகிப்போயிருக்கும். வந்து எதைத் திருப்புவாரு?” நான்: “வந்துட்டார்ல?” அவள் சிரித்தாள். சிரிப்பு நீளவில்லை.)

முடிவு ஆ: படகு வீட்டைப் பார்க்கிறது. எல்லாம் அச்சு அசல். அவன் நிம்மதியாக—

இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவளோ, இப்படியும் யோசித்தேன் என்கிறாள். தினமும் ஒரு படகு வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனை நாளைக்கு ஒரு மனுஷன் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்? அதற்குப் பிறகு எந்த முடிவு எந்தப் பக்கம் இழுக்கும் என்று எனக்கே குழம்பிவிட்டது.

7

வியாழக்கிழமை மதியம். ஷிஃபா கடைசி ஊற்றை ஊற்றிவிட்டாள். குமிழி இல்லை. வெளியே காற்று அடங்கிக் கிடக்கிறது. படகு இப்போதைக்குக் கடலைத்தான் பார்க்கிறது. ரெசின் இறுகும்வரை அதைத் திருப்பலாம். நான் திருப்பமாட்டேன். ஒரு வீட்டின் ஏக்கத்தில் கைவைக்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஷிஃபா கையைக் கழுவக் கொல்லைக்குப் போயிருக்கிறாள். ஹவ்வா உம்மாள் தொழுகையில் இருக்கிறார். அறையில் நீங்கள் மட்டும்தான். கிட்டே வாருங்கள், கன்னத்தை மேசை விளிம்பில் வையுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அது தண்ணீர். இப்போது தொட்டால் விரல் நனையும்.