இன்னும் கொஞ்சம் சத்தமா

அண்ணனின் வக்கீல் தன் மேஜையைச் சுற்றி வந்து, கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்யப்போகும் அண்ணியின் வக்கீலைப் போல இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார்.

"அந்தத் தொழிற்சாலை யாரோடதும்மா?"

"என்னோடது சார்" என்றாள் தங்கை.

"வாடகை பாக்கி வச்சவங்க மாதிரி சொல்றீங்களே. வீட்டுக்காரங்க மாதிரி சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா."

"என்னோடது."

"உங்க அண்ணன் நாளைக்குத் திருப்பிக் கேட்டா?"

அவள் மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

"அங்க ஏம்மா பாக்கறீங்க? கோர்ட்ல ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தீங்கன்னா கேஸ் அம்போ. ஜட்ஜுக்குக் கண்ணு இருக்கு. சுவத்தைப் பாருங்க. கேட்டா குடுக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான்."

"குடுக்க வேண்டியதில்லை" என்று சுவரிடம் சொன்னாள். அண்ணன் சிரித்தான். "பரவாயில்லையே, கழுதைக்குப் பாட்டு வருது."

அந்தக் கேலி அவளுக்குப் பழகிப்போனது. புருஷன் செத்த பிறகு அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்தவள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கட்டுகளை எண்ணி லாரியில் ஏற்றிவிடும் வேலை பார்த்தாள். சம்பளம் என்று எதுவும் இல்லை. வேண்டுமென்றால் கேள் என்பான் அண்ணன். கேட்பதற்கு அவளுக்கு வாய் வராது.

அண்ணிக்கும் அவனுக்கும் ஒத்துவராது என்று ஆனவுடனே அவன் முந்திக்கொண்டான். விவாகரத்து மனு வருவதற்கு முன்பே தொழிற்சாலை, அதன் நிலம், இரண்டு கிடங்குகள் எல்லாம் தங்கைக்கு விற்கப்பட்டன. அண்ணனின் பணம் பழைய சம்பளம் என்று அவள் கணக்குக்கு வந்து, விலை என்ற பெயரில் அவனிடமே திரும்பிப் போனது. அவள் செய்ததெல்லாம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டது. இப்போது அவன் கோர்ட்டில் கையை விரிக்கலாம். மனைவிக்குப் பங்கு கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

முதல் இயந்திரம் வாங்கியது அண்ணியின் நகையில். இது தங்கைக்குத் தெரியும். அதை விற்றுவிட்டு வந்த அன்று அண்ணி வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே, "பாரம் குறைஞ்ச மாதிரி இருக்குடி" என்று சிரித்தாள். தங்கைக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் மாடிப்படி ஏறி வந்தவள் அண்ணி ஒருத்திதான்.

சாட்சி சொல்லும் நாளில், கோர்ட் தாழ்வாரத்தில் அண்ணி அவள் கையைப் பிடித்தாள்.

"எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொல்லு, போதும்."

"அண்ணன் என்னை வெளியே தள்ளிடும் அண்ணி." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் என் பேர்லதானே இருக்கு? இது முடியட்டும். உங்க பாதியை என் கையாலேயே தர்றேன்."

"உள்ள இல்லைன்னு சொல்லிட்டு வெளிய குடுப்பியா?"

"தருவேன் அண்ணி. சத்தியமா."

அண்ணி அவள் கையை விட்டுவிட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தங்கை தன்னை நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் கூண்டில் ஏற முடிந்தது.

கேள்விகள் ஒத்திகையின் வரிசையிலேயே வந்தன. யாருடையது? என்னோடது. எப்படி வந்தது? உழைச்சேன். அண்ணன் கேட்டால்? குடுக்க வேண்டியதில்லை. நீதிபதிக்குப் பின்னால் சுவரில் காரை பெயர்ந்த ஓர் இடம் இருந்தது. அதைப் பார்த்தே சொன்னாள். எல்லாமே பொய், உழைச்சேன் என்ற ஒன்று மட்டும் பொய்யில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

தீர்ப்பில் அந்தச் சொத்து தங்கையுடையது என்று வந்தது. அண்ணிக்கு மாதம் ஒரு சிறு தொகை. அதை வைத்து ஓர் ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கலாம்.

மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை எதையும் அண்ணன் பேருக்கு மாற்றி எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாதாம். அதுவரை ஊருக்காக அவள் தொழிற்சாலையில் அண்ணன் இருந்த அறையில் உட்கார வேண்டியிருந்தது. முதல் நாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மேலாளர் "முதலாளியம்மா" என்றபோது சிரிப்பு வந்தது. சில வாரங்களில் சிரிப்பு நின்றது. லாரிக்காரன் எழுந்து நின்றான். வங்கியில் தண்ணீர் கொடுத்தார்கள். மாத முடிவில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு சம்பளம் எழுதிக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை.

அண்ணி இரண்டு தடவை போன் செய்தாள். "கொஞ்சம் பொறுங்க அண்ணி" என்றாள். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. பாதி என்றால் எது பாதி, எந்தச் சுவரோடு நிற்கும் என்று யோசிக்கும்போதே மனம் வேறெங்கோ போய்விட்டது.

காலக்கெடு முடிந்த மறுநாள் காலை அண்ணன் பத்திரத்தோடு வந்தான்.

"போடு கையெழுத்தை. நாற்காலி சூடு ஏறிடப்போகுது."

அவள் பேனாவை எடுக்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"என்னோடது" என்றாள்.

"நாடகம் முடிஞ்சு திரையே போட்டாச்சு. போடு, போடு."

"உழைச்சேன். குடுக்க வேண்டியதில்லை."

குரலில் நடுக்கம் இல்லை. அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. "என் சோத்தைத் தின்னுட்டு..." என்று தொடங்கி, முடிக்காமல் வக்கீலுக்குப் போன் போட்டான். மறுமுனை மெதுவாக ஏதோ சொன்னது. அதைக் கேட்காமலே அவளால் ஊகிக்க முடிந்தது. இது தன்னுடையது என்று நிரூபிக்க, தான் சொன்னது பொய் என்று அவன் அதே கோர்ட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

"அண்ணி குடுத்த தைரியமா இது?" என்றான் கடைசியில். "நான் தராததை அவளுக்குத் தூக்கிக் குடுக்கப்போறியா?"

அவள் பத்திரத்தை அவன் பக்கமாகத் தள்ளினாள். அதை அங்கேயே விட்டுவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

மேஜையில் போன் அடித்தது. திரையில் அண்ணி. நின்றுவிட்டு மறுபடியும் அடித்தது. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கமும் அவள் பார்க்கவில்லை.