வேலி இடுக்கும் பட்டனின் அரிப்பும்

1

இந்தக் கதை எங்கள் தெருப் பூனை ஒன்றின் வழுக்கை வயிற்றிலிருந்து வந்தது. நக்கி நக்கியே அது முடியை உதிர்த்திருந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘எங்கள் ஊர் லான்செஸ்டனில் மழை விடாமல் பெய்த ஒரு—’

(வேண்டாம். மழையா அதற்கு அரிப்பைக் கொடுத்தது?)

பூனைக்குப் பட்டன் என்று பெயர் வைத்தேன். அதை வளர்க்கும் க்ளெனிஸ் தனியாக இருப்பவர். வேலிக்கு அப்பால் மெர்வ், மனைவியை இழந்தவர். அவர் தூண்டில் போட்டுப் பிடிக்கும் மீனில் வால் துண்டு பட்டனுக்கு. பலகை பெயர்ந்த வேலி இடுக்கு வழியாகப் போய்த் தின்றுவிட்டு வரும்.

2

ஒவ்வாமை என்றால் தும்மல் என்று நினைக்கிறோம். பூனைக்குப் பெரும்பாலும் அரிப்புதான். முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல். அதற்கு மருந்து போட்டும் நிற்காவிட்டால் உணவு. இதை ரத்தப் பரிசோதனையில் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. பூனை இதுவரை தின்றிராத ஓர் இறைச்சியை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கால்நடை டாக்டர், சின்னக் கங்காரு போலிருக்கும் வாலபியின் இறைச்சி என்றார். வேறு எதுவும் ஒரு வாய்கூடக் கூடாது. அரிப்பு அடங்க தினம் ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

க்ளெனிஸ் இதை மெர்விடம் சொன்னார். மெர்வ் தலையாட்டினார். வாரங்கள் போயின. பட்டன் நக்குவதை நிறுத்தவில்லை.

3

(மெர்வைப் பொய்யராக்குவது சுலபம். ‘மெர்வ் ஓசைப்படாமல் தட்டை நீட்டி—’ என்று எழுதிவிட்டு நான் அடித்துவிட்டேன். க்ளெனிஸ் அதையே நம்பிவிட்டார்.)

“அது உடம்பைப் பிறாண்டிக்குது மெர்வ். ஒரு வால் துண்டுதானேன்னு நீ நினைக்கற.”

“நான் குடுக்கலை.”

“அப்ப வாலபிதான் மீன் பிடிச்சுக் குடுக்குதாக்கும்.”

மறுநாள் பார்த்தால் இடுக்கில் புதுப் பலகை, அந்தப் பக்கத்திலிருந்து ஆணி அடித்து.

அப்புறமும் அரிப்பு நிற்கவில்லை. டாக்டர் வேறு கேள்வி கேட்டார்: அரிப்பு மாத்திரையை எப்படி விழுங்க வைக்கிறீர்கள்? சீஸில் உருட்டி, என்று சொல்லும்போதே க்ளெனிஸுக்குப் புரிந்துவிட்டது. மாத்திரையைச் சுற்றியிருப்பதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

4

சீஸ் நின்றது. எட்டு வாரம் மறுபடி முதலிலிருந்து. மாத்திரையையும் மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். வயிற்றில் முடி பூனைமயிராக முளைத்தது.

ஆனால் வேலை இதோடு முடியாது. விலக்கிய உணவுகளை ஒரு நேரத்துக்கு ஒன்றாகத் திரும்பக் கொடுத்து, எது அரிப்பைக் கூட்டி வருகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் மீன், என்றார் டாக்டர்.

(மீன் கடையிலும் கிடைக்கும். ஒரு வரைவில் க்ளெனிஸைக் கடைக்கு அனுப்பிப் பார்த்தேன். எழுத்து நகரவில்லை.)

ஆணி பிடுங்கும் சுத்தியலோடு க்ளெனிஸ் வேலியோரம் நிற்கிறார்.

“மெர்வ். தப்பு என்னுது. மாத்திரைக்கு நான் சுத்தின சீஸ்தான்.” சுத்தியலைக் கைமாற்றிக்கொண்டு, “மீன் குடுத்துப் பாக்கச் சொல்லியிருக்காங்க. நீ பிடிச்ச மீன் இருக்கா?”

அந்தப் பக்கம் தோட்டக் குழாயின் சத்தம் நின்றது.

மீனும் சேரவில்லை என்றால் வால் துண்டு இனி என்றைக்கும் கிடையாது. சேர்ந்தால் இடுக்கு திறந்தே இருக்கலாம். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் இங்கே தரப்போவதில்லை. ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். முதலில் மெர்வ் என்ன பதில் சொன்னார் என்பதை நீங்களே கதைக்குள் வையுங்கள். அது சேர்கிறதா என்று சில நாள் பொறுத்துப் பாருங்கள். மீன் அப்புறம்.