இரண்டு முறை எழுதிய வெப்பாலை

தஹ்சீன் அந்த அறிக்கையைக் கொண்டுவந்தபோது சிந்துஜா வேங்கிக்கால் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை அவள். தஹ்சீன் வக்கீல். கடலோரக் கிராமம் ஒன்றில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்து, ஊர்க்காரர்களுக்காகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி குடுத்த சுற்றுச்சூழல் அறிக்கைடி. அங்க இருக்கிற செடிங்கனு லிஸ்ட் போட்டிருக்காங்க. சரியானு பாத்துச் சொல்லு."

தஹ்சீன் போனபின் சிந்துஜா பட்டியலைப் புரட்டினாள். கடலோர உப்பு மண்ணில் மலைக்காட்டு உசில் எப்படி வரும்? பன்னிரண்டாவதாக வெப்பாலை. முப்பத்தோராவதாக மறுபடியும் வெப்பாலை.

அந்தத் தவறு அவளுடையது. எட்டு வருடங்களுக்கு முன், எம்.எஸ்சி. படிக்கும்போது, அவளும் கூடப் படித்த மாறனும் அடி அண்ணாமலைப் பக்கம் மலைச்சரிவில் அலைந்து எழுதிய பட்டியல் அது. அவன் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்ததில் ஒரே பெயரை இரண்டு முறை எழுதிவிட்டாள். அடித்துத் திருத்தப் போனவளை, "இருக்கட்டும், அடிக்காத" என்று தடுத்தான். பிறகு சென்னையில் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்துப் போனான். பேச்சு குறைந்து, நின்றே போனது. அவள் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மாறனின் கையெழுத்து. விரலால் தொட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவனை அழைத்தாள்.

"சிந்து?"

நலம்கூட விசாரிக்காமல், வக்கீல் தஹ்சீன் அறிக்கை கொண்டுவந்ததையும் அதில் வெப்பாலை இரண்டு முறை இருப்பதையும் சொன்னாள்.

"அந்த ஊருக்கு நீ போவவே இல்லியா?"

"இல்ல. நாலு நாள்ல அறிக்கை வேணும்னாங்க. கையில அதான் இருந்துச்சு." பிறகு அவனே சொன்னான். "நாம எழுதுன அசல் உங்கிட்டதான இருக்கு? வக்கீலுகிட்ட குடுத்துடு."

"உன் வேலை?"

"போனா போவுது."

வந்துடேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சாப்டியா?" என்றாள்.

"ம்."

சிந்துஜா கொடுத்த அசலைப் பார்த்துத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்து, ஊர்மக்களிடம் கருத்துக் கேட்டுப் புதிதாக ஆய்வு செய்யச் சொன்னது. தஹ்சீனின் போனில் ஊர்க்காரர்களின் ஆரவாரம் கேட்டது. சிந்துஜாவும் சந்தோஷமாகச் சிரித்தாள். அந்த வாரமே மாறனுக்கு வேலை போயிற்று. அவன் போன் அதன்பின் அணைந்தே கிடந்தது.

பௌர்ணமி மாலை. கிரிவலக் கூட்டத்தில் சிந்துஜாவும் நடந்தாள். முன்னால் ஒருவன் மாறனைப் போலவே ஒரு தோளைச் சாய்த்து நடந்துபோனான். ஓட்டமும் நடையுமாக எட்டிப் பிடித்தாள். வேறு யாரோ.

"இன்னாங்க?" என்றான்.

"ஒண்ணுமில்லீங்க" என்று ஒதுங்கி வழிவிட்டாள்.