மாலதி கேட்டு வாங்கிய சோதனை

மகள் ஷாலினி டைபாய்டில் செத்துப் பதினாறு கும்பிடுவதற்குள்ளேயே, கொன்றது யாரென்று மாலதி முடிவு கட்டிவிட்டாள். தாராவியில் அவர்கள் சந்து முனையில் இட்லி அவித்து விற்கும் சண்முகவடிவுதான்.

"எம்புள்ளைக்கு நான் வெளிய வாங்கிக் குடுத்ததே கெடையாது. எல்லாம் என் கையால பெசஞ்சு ஊட்டுனது. அன்னைக்கு ஒரே ஒரு இட்லி அவ கையால தின்னா. போய்ச் சேந்துட்டா."

பெற்ற வயிறு, பேசட்டும். சந்துக்கு என்ன கேடு? நேற்றுவரை வடிவிடம் கடன் சொல்லித் தின்ற வாயெல்லாம் இன்று அவள் அடுப்பைப் பார்த்துக் காறித் துப்பின.

முனிசிபல் லேபிலிருந்து சாயிமா மலப் பரிசோதனைக்கு டப்பா கொண்டு வந்தபோது, மானம் போகுது என்று வடிவு மறுத்தாள். மாலதி முந்திக்கொண்டு வாங்கினாள்.

"மொத டப்பா என்னுது. மடியில கனமில்லாதவளுக்கு வழியில என்ன பயம்?"

அதற்குமேல் வடிவு என்ன செய்வாள்? அழுதுகொண்டே கொடுத்தாள்.

ரிப்போர்ட்டில் இருவரிடமும் டைபாய்டு கிருமி இருந்தது. "பாத்தியளா! எனக்கும் அவதான் குடுத்திருக்கா" என்று மாலதி கத்தினாள். புருஷன் வேல்ராஜின் பட்டறைச் சுத்தியலை எடுத்துப்போய் வடிவின் கிரைண்டரை உடைத்தாள். ஒருத்தர்கூடத் தடுக்கவில்லை. பாவிகள், மொபைலில் படம் பிடித்தார்கள்.

சாயிமாதான் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "பொறுங்கக்கா. டைபாய்டு கிருமியிலயும் வகை இருக்கு. அதோட டி.என்.ஏ.வ வெட்டி, ஜெல்லுல வச்சு கரண்ட் விட்டா கோடு கோடா விழும். ஒரே வகைன்னா கோடும் ஒண்ணுபோல விழும். ஷாலினி ரத்தத்துல எடுத்த கிருமி லேப்ல பத்திரமா இருக்கு. அதோட ஒப்பிட்டுப் பாத்துருவோம்."

"நல்லா பாருங்க. பாத்து அவள ஜெயில்ல தள்ளுங்க."

அன்றிலிருந்து தினமும் போன் போட்டு லேப்காரர்கள் உயிரை வாங்கினாள். கடைசியில் சாயிமா வந்து, கதவைச் சாத்துங்கள் என்றாள்.

"எதுக்குச் சாத்தணும்? சந்து பூரா கேக்கட்டும்!"

மல்லாக்கப் படுத்துக்கொண்டு துப்பினால் எங்கே விழும்? கூட்டம் வாசலை அடைத்து நின்றது. சாயிமா மொபைலில் படத்தைக் காட்டினாள்.

"மொத வரிசை ஷாலினிது. அடுத்தது வடிவக்காவோடது. ஒத்துப்போகல, அது வேற வகை. மூணாவது அப்படியே ஷாலினிது மாதிரி இருக்கு."

"அது எவளோடது?"

"உங்களுதுக்கா."

"எம்புள்ளட்ட இருந்து எனக்கு ஒட்டியிருக்கும்!"

சாயிமா தலையைக் குனிந்துகொண்டாள். "நாலாவதும் உங்களுதுதான். உங்க சின்ன மவ வயித்துல இருக்கும்போது காய்ச்சல்னு ஆஸ்பத்திரில சேந்தியள்லா, அப்ப எடுத்த கிருமிய ஃப்ரீசர்ல வச்சிருந்தாங்க. அதே கோடு. அன்னைல இருந்து உங்க ஒடம்புக்குள்ள இருக்கு. உங்கள ஒண்ணும் செய்யாது. கை வழியா சோத்துல போயிருக்கு. மருந்து இருக்கு, சரியாக்கிரலாம். அதுவரைக்கும் நீங்களும் வடிவக்காவும் சமைக்காதீங்க."

ஐயோ, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டாம்.

"ம்மா, பசிக்கு" என்றாள் சின்னவள். பழக்க தோஷம், மாலதியின் கை தட்டில் பிசைந்திருந்த சோற்றுக்குப் போனது. வேல்ராஜ் தட்டை எட்டி உதைத்தான்.

"தொடாதட்டி! ஒண்ணக் கொன்னது போதாதா?"

முலுண்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். "அம்மாதான் ஊட்டணும்" என்று அது சந்து நெடுகக் கத்திக்கொண்டே போனது.

கூட்டம் கலைந்ததும் வடிவு வந்து வாசலில் நின்றாள். திட்டினால் தேவலை என்று மாலதி காத்திருந்தாள். வடிவு குரலை உயர்த்தவே இல்லை.

"ஏட்டி மாலதி, அன்னைக்கு ஒம்மவ எதுக்கு எங்கிட்ட இட்லி கேட்டான்னு தெரியுமா? 'அம்மா ஊட்டுனா வயிறு வலிக்கு, அத்த'ன்னா. பெத்தவள அப்படிச் சொல்லப்புடாதுன்னு நாந்தான் அதட்டுனேன்."

சொல்லிவிட்டு உடைந்த கிரைண்டரை அள்ளப் போய்விட்டாள். பிள்ளை நிஜமாகவே அப்படிச் சொன்னதோ, எரிகிற வயிறோடு வடிவு கட்டிச் சொன்னதோ, யாருக்குத் தெரியும்? அதைச் சோதித்துச் சொல்ல எந்த லேபும் கிடையாது.