வியர்க்கும் பனியன்

காசிமாயன் இறந்த பிறகும் அவருடைய பனியனுக்கு வியர்ப்பது நிற்கவில்லை. வீரபாண்டி லைன் வீட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டு, காலை ஷிப்ட் சங்கு ஊதியதும் வியர்க்கத் தொடங்கும், டீ நேரத்தில் கொஞ்சம் காயும், ஞாயிற்றுக்கிழமை லீவு. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நாள் முதல் பனியன் கம்பெனியில் ஸ்டீம் அயர்ன் தேய்த்தவர். பழகின வேர்வை, ஆள் போனதும் நின்றுவிடுமா? லைன் வீட்டுச் சொந்தக்காரம்மா பழனாத்தாள், "ஏனுங்க ஒச்சாயி, அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. எங்கூட்டுத் துணியெல்லாம் நனையுதுங்க" என்று அவர் மனைவியிடம் சொன்னதோடு சரி.

மகள் சித்ராதேவிக்கு அப்பா முகம் தெரியாது. அவர் லாரியில் அடிபட்டபோது அவள் கைக்குழந்தை. போட்டோக்கள் இருந்த செல்போனும் அவரோடு நசுங்கியது. ஆதார் அட்டையில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம். நன்றாகப் படம் வரைவாள்; அவரைப் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டு அப்பாவை வரைந்து அம்மாவிடம் நீட்டுவாள். ஒச்சாயி ஒவ்வொன்றையும் பார்த்து, "இவரு இல்லத்தா" என்பாள். பெற்ற அப்பன் முகம் தெரியாமல் வளர்வது கொடுமைதான்.

ஒருநாள் பனியன் சொட்டிய இடத்தில், அவளுடைய கறுப்புத் துப்பட்டாவில் உப்பு பூத்து ஒரு புருவம் தெரிந்தது. மறுநாள் சனிக்கிழமை, பனியனின் நெஞ்சுப் பக்கம் கறுப்புத் துணியொன்றை ஊக்குக் குத்தி வைத்தாள். சாயங்காலம் நெற்றியும் புருவமும் வந்திருந்தன. அம்மாவிடம் காட்டலாம் என்று கட்டில்மேல் விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். ஒச்சாயி செக்கிங் செக்‌ஷனில் கறை எடுத்தே காலம் தள்ளியவள். வேலைவிட்டு வந்தவள் கறுப்பில் வெள்ளையைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும், "கறைன்னு நெனச்சுப்புட்டேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் ஞாயிறு, பனியனுக்கு லீவு. இனி வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று மகளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்களன்று சங்கு ஊதியதும் பனியன் கொட்டிக் கொட்டி வியர்த்தது. மறுபடி குத்தி வைத்த கறுப்புத் துணியில் சாயங்காலத்துக்குள் படம் முழுசாக வந்துவிட்டது: மூடிய கண், அமுங்கிய கன்னம், சின்னக் காது. ஒச்சாயி வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவரு இல்லத்தா. நீதான். அவரு நெஞ்சுல படுத்துத்தான் தூங்குவ."

பனியனுக்கு அவர் முகம் தெரிய வழியில்லை. தன்மேல் சாய்ந்ததைத்தான் அது வைத்திருந்தது. சித்ராதேவி பனியனின் நெஞ்சு ஈரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். கன்னம் பெரிதாகியிருந்தது, இடம் அதேதான்.

அதன்பிறகு அவள் அப்பா முகத்தை யாரிடமும் கேட்கவில்லை. பனியன் இப்போதும் வியர்க்கிறது. பழனாத்தாள் அதற்கென்று தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்துவிட்டாள்.